அமிர்தத்தின் முதல் முடி

2023 ஜூலை 10: தஞ்சாவூருக்குப் பஸ், போகவர ரூ. 140
ஜூலை 24: ஸ்கேன், ரூ. 3,500
செப்டம்பர் 12: ஆபரேஷன், காப்பீட்டில், வெளியில் வாங்கிய மருந்து ரூ. 1,260
செப்டம்பர் 21: வீடு திரும்ப வாடகைக் கார், ரூ. 2,800

கீழ்வேளூர் குந்தவைக்கு அமிர்தம் முதல் குழந்தை. கணவன் அரவிந்தன் சிங்கப்பூரில். நாலாம் மாதம் எண்ணெய் தேய்க்கும்போது குழந்தையின் உச்சிக்குழியின் மேல் நெல்லிக்காய் அளவில் மெத்தென்று ஒரு கட்டி தட்டுப்பட்டது. மாமியார் கமலாம்பாள் ஒரு ரூபாய்க் காசைத் துணியில் சுற்றி, கட்டியின் மேல் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார்.

"தொப்புள் பிதுங்கினப்போ உன் புருஷனுக்கும் இப்படித்தான் கட்டினேன். கெட்டா போயிட்டான்?"

"அது தொப்புள், அத்தை. இது தலை."

காசை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, மறுநாளே குழந்தையோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள் குந்தவை.

ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் விஜயலட்சுமி நிதானமாகச் சொன்னார்: "கருவுல இருக்கும்போதே தோல் கொஞ்சம் உள்ள மாட்டி, பையாட்டம் வளந்திருக்கு. ரொம்ப அபூர்வம். கெட்ட கட்டியாத் தெரியலை. ஆனா அடியில எலும்பு மூடலை, அதுக்குக் கீழ மூளை. அமுக்காதீங்க, யாரையும் ஊசி குத்த விடாதீங்க. பை கிழியாம முழுசா எடுக்கணும். எடுத்ததைப் பரிசோதிச்சுப் பாத்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

ஆபரேஷனுக்குத் தலையை மழிக்க வேண்டும் என்றதும் கமலாம்பாள் மறித்தார்.

"முதல் முடி அய்யனாருக்கு. தாய்மாமன் மடியில வச்சு எடுக்கணும். உன் தம்பி துபாய்லேர்ந்து தை மாசம்தானே வரான். அதுவரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"கட்டி வளருது, அத்தை. அய்யனார் பொறுத்துக்குவாரு."

"கோவிச்சுக்கிட்டா?"

"என்கிட்ட கோவிச்சுக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

வார்டில் நர்ஸ் மழித்தபோது குந்தவை கீழே மஞ்சள் துணியை விரித்துப் பிடித்தாள். ஓர் இழைகூடத் தரையில் விழவில்லை. முந்தானைக் காசையும் அதில் போட்டு முடிந்து மாமியாரிடம் நீட்டினாள்.

"நீங்களே வச்சிருங்க. நல்ல சேதி வந்ததும் கோயில்ல சேத்துருவோம்."

"அந்தக் காசையா போட்ட?"

"அதுவும் ஏதாச்சும் உருப்படியா வேலை பாக்கட்டும்."

கமலாம்பாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பை கிழியாமல் வந்தது. ஆனால் உறுதி செய்துகொள்ள அதன் துணுக்கு ஒன்று சென்னைக்கும் பரிசோதனைக்குப் போனது. வீடு திரும்பியதும் கோயிலுக்குப் புறப்பட்ட மாமியாரைக் குந்தவை தடுத்தாள். பரிசோதனை முடிவு சொல்லும் கடிதம் வராமல் அந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை என்றாள். அன்றிலிருந்து கமலாம்பாள் தபால்காரர் அப்துல் ஜலீலைத் தெருமுனையிலேயே நிறுத்தினார்.

"வந்துச்சா, தம்பி?"

"வந்தா நானே ஓடியாரமாட்டேனாம்மா? சைக்கிளை விடுங்க."

டாக்டர் அனுப்பிய முதல் கடிதம், சென்னை முடிவு தாமதம் என்றது. இரண்டாவதும் அதையே சொன்னது. கட்டி தீங்கற்றது, மிச்சமில்லை, மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்ற கடைசிக் கடிதத்தைக் குந்தவை உரக்கப் படித்து முடிப்பதற்குள், கமலாம்பாள் மஞ்சள் முடிச்சோடு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதம் வந்த தேதி 2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை.