'நைஸ்' என்ற சொல்மீது விழுந்த சந்தேகம்

'மார்ச் 14' என்று திகதியிட்ட ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. ஆண்டு எழுதப்படவில்லை, நான் அப்போது ஆறாம் வகுப்பு. கொட்டாஞ்சேனையில் வசித்த ஒரு பெண்மணி, கனடாவில் இருந்த தன் தம்பிக்கு எங்கள் சின்னம்மாவைப் பெண் பார்த்துவிட்டுப் போய் எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் எழுதியது. சாதகம், விசா, மண்டபம் என்று ஒரு பக்கம் நீள்கிறது. சின்னம்மாவைப் பற்றி ஒரே ஒரு வசனம்: அவர் 'நைஸ்' ஆன பிள்ளையாம்.

என் பள்ளிக் கொப்பிக் குறிப்பின்படி, 18ஆம் திகதி மாமா அதை எங்கள் வெள்ளவத்தை வீட்டு யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வடிவு எண்டு இல்லை, கெட்டிக்காரி எண்டு இல்லை. நைஸாம்! இதுக்குள்ள ஏதோ இருக்கு."

"உங்களுக்கு எல்லாத்துக்குள்ளயும் ஏதோ இருக்கும், அண்ணை," என்றார் அம்மா. சின்னம்மாவுக்கு முப்பத்தொரு வயது. அன்றே சம்மதம் சொல்லிவிட வேண்டும் என்பது அம்மாவின் அவசரம்.

சின்னம்மா தேத்தண்ணியோடு வந்தார். "ஏன் சண்டை? என்ர அறையில பெரிய டிக்‌ஷனரி கிடக்கு. பிள்ளை, எடுத்துக்கொண்டு வந்து வாசி. எங்கயிருந்து வந்த சொல் எண்டதில இருந்து வாசி."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'அறியாத' என்ற பொருளுள்ள லத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் 'மூடத்தனமான'. மாமா அந்த இடத்திலேயே என்னை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு 'மிகை நுணுக்கம் பார்க்கிற' என்றும், நூற்றாண்டுகள் கழித்து 'இனிமையான' என்றும் பொருள் மாறியதை ஒருவரும் கேட்கவில்லை.

"மோட்டுப் பெட்டை எண்டு எழுதியிருக்கிறா!"

"அவவுக்கு லத்தீன் எங்கால?"

"கொன்வென்ற்ல படிச்சவ எண்டு நீதானே சொன்னனீ?"

அன்று மாலையே மாமா போன் எடுத்துச் சம்பந்தத்தை முறித்தார். ஓர் அவமானத்திலிருந்து சின்னம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு. சின்னம்மா என்னைக் காலி வீதிக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போய் இரண்டு றோல்ஸ் வாங்கித் தந்தார். அடுத்த வருடம், தன் கந்தோரில் வேலை செய்த ஒருவரை அவர் பதிவுத் திருமணம் செய்தபோதும் நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. கடிதத்தைச் சந்தேகித்தோம், கொட்டாஞ்சேனையைச் சந்தேகித்தோம். தேத்தண்ணி கொண்டுவந்தவரை மட்டும் விட்டுவிட்டோம்.

அந்த அகராதி எங்களுடையது அல்ல. உள்ளட்டையில் சின்னம்மாவின் கந்தோர் நூலகச் சீட்டு இருக்கிறது; இரவல் எடுத்த நாள் மார்ச் 16, மாமா கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்ததற்கு இரண்டு நாள் முன்பு. கேட்டால், "நீயும் மாமா மாதிரியே வந்திட்டாய்" என்று சிரிக்கிறார். கடிதம் வீட்டுக்கு வந்தது என்றைக்கு, அதை முதலில் பிரித்தது யார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. உறையும் இல்லை. இதை உறுதிசெய்யப்படாததாகவே பதிந்து வைக்கிறேன்.