குடிச்சா எங்க போறது?

தண்ணீர் குடிக்கச் சொல்வதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. உத்திரமேரூர் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது கோடையில் அதுதான் என் தலையாய வேலை. கொசு மாதங்களில் தண்ணீரைக் கொட்டச் சொல்வேன். வெயில் மாதங்களில் குடிக்கச் சொல்வேன். இரண்டையும் ஒரே குரலில் சொல்லப் பழகியிருந்தேன்.

1. சொற்பொழிவு

இரண்டாயிரத்தை ஒட்டி மழை பொய்த்த வருடங்களில் ஒன்று. சாலவாக்கம் பக்கத்து ஏரி ஒன்றில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. கோடை நெல் போடும் சொர்ணவாரிப் பட்டத்தில் எங்காவது பச்சை தெரிந்தால், அது போர் போட்டவரின் வயல் என்று அர்த்தம். வரதன் அப்படிப்பட்டவர். நீர்மட்டம் இறங்க இறங்க போரையும் ஆழமாக இறக்கிக்கொள்ள அவருக்கு வசதி இருந்தது. அதனால் சுற்றுவட்டாரத்தில் கூலி வேலை இருந்த ஒரே வயலும் அவருடையதுதான். காலனிப் பெண்கள் அங்கேதான் நடவுக்குப் போனார்கள்.

மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் அந்த வாரம் பகல் பதினொன்றுக்கு மேல்தான் வந்தது. கரண்ட் வந்தால் தண்ணீர். தண்ணீர் பாய்ந்தால் நடவு. ஆகவே கத்திரி வெயிலின் உச்சியில் வேலை தொடங்கும். ‘நண்பகலில் வெளியே வருவதைத் தவிர்க்கவும்’ என்ற துண்டறிக்கையை நான் வரப்பில் குடை பிடித்து நின்று, சேற்றில் குனிந்திருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். உலகமே சூடாகிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நாலு பத்திரிகை படிப்பவனுக்கு இந்த வியாதி உண்டு.

“நெறைய தண்ணி குடிங்கம்மா. தாகம் எடுக்கலேன்னாலும் குடிக்கணும்.”

சரோஜா நிமிர்ந்தாள். நடவு ஆட்களைச் சேர்த்துக் கூட்டிவரும் மேஸ்திரி அவள்தான்.

“இன்னா சார், வந்ததுலேர்ந்து குடி குடின்னு சொல்லிக்கினே கீற. குடிச்சா எங்க போறது? சுத்திப் பாரு, ஒரு வேலிகாத்தான் கீதா?”

பார்த்தேன். இல்லை. ஏரி வறண்டு வேலை போனதும் காலனி ஆண்கள் அந்தச் சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் கரிமூட்டத்துக்குப் போட்டுத்தான் அடுப்பெரித்தார்கள். ரோடு வரைக்கும் மறைவே இல்லை. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவரின் மீசைகூடத் தெரிந்தது.

“வூட்ல கெளம்பறப்பவே குடிக்க மாட்டோம் சார். சாயந்தரம் போயிதான்.”

“அவருக்கு இன்னா தெரியும் அண்ணி?” என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த நாத்தனார் அஞ்சலை. “அவரு ரோட்ட பாத்து முதுகக் காட்டினா முடிஞ்சிது வேல.”

வயல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

2. அஞ்சலை

பம்புசெட் ரூமுக்குப் பின்னால் ஆள் மறையும் அளவுக்கு ஒரு இடம் இருந்தது. வரதனிடம் கேட்டேன்.

“அங்கயா? குடிக்கிற தண்ணி எடுக்கிற எடம் சார் அது. காலனி ஆளுங்கள அங்க வுட்டா, ஊர்ல எனக்கு யாரு பதில் சொல்றது?”

“அப்ப வரப்போரமா ஒரு தட்டி?”

“நாலு நாள் நடவுக்கு எவன் சார் தட்டி கட்டுவான்? சும்மா பேஜார் பண்ணாதீங்க. எளநி சாப்புடுறீங்களா?”

சாப்பிட்டேன்.

அதற்குள் வயலில் சத்தம். அஞ்சலை நட்ட இடத்திலேயே மறுபடி நட்டுக்கொண்டிருந்தாள். சரோஜா திட்டினாள். “மாட்ட அவுத்து வுடு, நேரமாச்சி,” என்றாள் அஞ்சலை, யாரிடமோ. அவளிடம் மாடே கிடையாது. அப்படியே சேற்றில் முகம் கவிழ விழுந்தாள்.

தொட்டால் தோல் காய்ந்து கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. தூக்கிவந்து பம்புசெட் குழாய்க்குக் கீழே போட்டோம். பூமியின் அடிவயிற்றிலிருந்து வந்த அத்தனை தண்ணீரும் அவள்மேல் கொட்டியது. வரதன்தான் தன் வேனை எடுத்து வந்தார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இதயம் நின்றதால் மரணம் என்றார்கள். பொய்யில்லை, எல்லோருக்கும் கடைசியில் அதுதானே நிற்கிறது. கணக்குப்படி எங்கள் பகுதியில் அந்தக் கோடையில் வெயிலுக்கு யாரும் சாகவில்லை.

3. தட்டி

காரியத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு சரோஜா மறுபடி ஆட்களோடு வந்தாள். வராமல் இருக்க முடியாது; வேறு வயல் இல்லை. நானும் போயிருந்தேன், துண்டறிக்கை இல்லாமல்.

கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. பறித்த நாற்று முடிமுடியாகக் கட்டிக் கிடந்தது. ஒருத்தியும் சேற்றில் இறங்கவில்லை. வரப்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

“இன்னாம்மா, நாத்து கருகுது! கரண்ட் போயிடும்!”

“தட்டி கட்டு. எறங்கறோம்,” என்றாள் சரோஜா.

“கூலி வேணும்னா கூடக் கேளு.”

“அத அப்பறம் கேக்கறேன். இப்ப தட்டி.”

“வேற ஊர்லேர்ந்து ஆளு இட்டாறேன் பாரு!”

“இட்டா. அவுங்களும் பொம்பளைங்கதான?”

ஒருத்தி சிரிக்க வாய் திறந்தாள். அஞ்சலை இல்லாதது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டாள். வரதன் என்னைப் பார்த்தார்.

“சார், நீங்க கெவுர்மெண்ட் ஆளு. எடுத்துச் சொல்லுங்க.”

என் பணிக்காலத்தில் முதன்முறையாகச் சரியான நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வரப்பைத் தாண்டி வழிய ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வரதனால் முடியவில்லை. ஆளை அனுப்பினார். பனையோலை வந்தது, நாலு கழி வந்தது. மூன்று பக்கம் மறைத்துக் கட்டினார்கள். சரோஜா போய் உள்ளே நின்று, ரோட்டிலிருந்து தலை தெரிகிறதா என்று ஒருத்தியைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். தெரியவில்லை. அதற்கப்புறம்தான் கொண்டுவந்திருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கினார்கள். ஒவ்வொருத்தியும் வயிறு முட்டக் குடித்துவிட்டு இறங்கினாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: தண்ணீர் குடி என்று சொல்வதற்கு முன்னால், குடித்தவள் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சொற்பொழிவை விட்டுவிட்டு ஓலைக்கு அலையுங்கள். இதை மாவட்டக் கூட்டத்தில் சொன்னேன். “தட்டி நம்ம டிபார்ட்மெண்ட்ல வராது சார்,” என்றார்கள். விசாரித்தேன், எந்த டிபார்ட்மெண்டிலும் வரவில்லை.

அன்றைக்கு அந்தத் தட்டியைக் கட்டியவர்கள் இரண்டே பேர். இடையில் ஒரு பீடிக்குக்கூட நிற்கத் தேவைப்படவில்லை; வேலையை முடித்துவிட்டுத்தான் பற்றவைத்தார்கள். அது அணைவதற்குள் முதல் வரிசை நட்டாகிவிட்டது.