நேர்ந்துவிட்ட படம்

படம் பார்ப்பதில் ஞானமலருக்கு நிகர் முல்லைத்தீவுக் கரையில் ஞானமலர்தான். கோயில் திருநாள் முடிந்த கையோடு யாராவது ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் கொண்டுவந்து மணலில் வைத்துப் படம் ஓட்டுவார்கள். முதற்படத்தின் பாதியிலேயே அவளுடைய புருசன் கிறகோரி பாயில் சரிந்து குறட்டை விடத் தொடங்குவான். ஞானமலர் கண் வெட்டாமல் இருப்பாள். திரையில் அம்மன் தோன்றினால் நெற்றியில் சிலுவை போடுவாள். வேதக்காரி அம்மனுக்கு ஏன் சிலுவை போடுகிறாய் என்று கேட்டால், "ஆரெண்டாலும் பெரிய இடம். மரியாதை குடுக்கத்தானே வேணும்" என்பாள்.

பார்த்தது பாதி, சொல்வது மீதி. அடுத்த நாள் கருவாட்டுக்கு மீன் வெட்டும் இடத்தில் அவள்தான் தியேட்டர். நித்திரை கொண்ட பெண்களுக்கும் வராத பெண்களுக்கும் படத்தை முதலிலிருந்து சொல்வாள். நல்ல கட்டத்தில் நிறுத்திவிட்டு உப்பை எடுத்துத் தூவுவாள். "பிறகு, மலரக்கா? பிறகு?" என்று அவர்கள் கெஞ்ச வேண்டும். கெஞ்சாவிட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

சொல்லும்போது தன் அபிப்பிராயங்களையும் சேர்த்துக்கொள்வாள். "தாய்க்காரி இருமத் தொடங்கினா இடைவேளைக்கு முன்னம் ஆள் சரி, சாவுதான்." "செத்த வீட்டில ஒருத்தரும் உப்பிடிப் பாட்டுப் படிக்கிறேல்லை. ஆனா படிக்கவேணும் போலதான் இருக்கும்." இதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிடும். யாரென்றே தெரியாத மனிதருக்காக முந்தானை நனைய அழுவாள். கிறகோரி கேலி செய்வான். "உனக்குக் கண்ணீர் கிணத்துத் தண்ணிமாதிரி. இறைக்க இறைக்க ஊறும்."

அவர்களுக்கு றஜித் ஒரே பிள்ளை. தகப்பனைப் போலல்ல, வாய்க்காரன். அவன் சிரித்தால் நான்கு வீடு தள்ளிக் கேட்கும். தொண்ணூற்றாறு மாசியில் ஒரு விடியற்காலை, நத்தார்ப் பெருநாளுக்கு எடுத்த நீலக் கட்டம் போட்ட சேட்டைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனான். "புதுச் சேட்டையே கடலுக்குப் போடுறாய்?" என்று ஞானமலர் ஏசினாள். "பழசாக்கினாத்தானே இன்னொண்டு எடுப்பீங்கள்" என்றான். அவன் திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை, உடலும் கரை ஒதுங்கவில்லை. நேவி சுட்டிருக்கும் என்றார்கள் சிலர். பிடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள் சிலர். ஞானமலர் இரண்டாவது கதையைப் பிடித்துக்கொண்டாள்.

தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். மற்றவர்கள் அவருக்குச் சங்கிலி நேருவார்கள், சேவல் நேருவார்கள். ஞானமலர் அவர் காலடியில் முழந்தாளிட்டு, "பிள்ளை வந்து சேருமட்டும் நான் படம் பாக்கமாட்டன்" என்று நேர்ந்தாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரிக்க என்ன இருக்கிறது? உள்ளதில் பெரியதைக் கொடுப்பதுதானே நேர்த்தி. அவளிடம் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

ஒன்றை மட்டும் அவள் அன்று யோசிக்கவில்லை. அந்தக் கரையில் சினிமாவும் படம்தான், போட்டோவும் படம்தான், சுவரில் தொங்குவதும் படம்தான். எந்தப் படம் என்று அந்தோனியாருக்கு அவள் பிரித்துச் சொல்லவில்லை.

அந்த ஆடியில் கரை முழுக்க ஷெல் விழுந்தது. ஓடுகிற ஓட்டத்தில் ஞானமலர் சுவரிலிருந்த அந்தோனியாரைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். பக்கத்து ஆணியில், சின்ன வயதில் றஜித் கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்று எடுத்த படம் தொங்கியது. அவனுடையதென்று இருந்த ஒரே படம் அதுதான். அது அங்கேயே தொங்கிவிட்டது. உடையார்கட்டில் வந்து சேர்ந்து, மூட்டையைப் பிரித்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. பிள்ளை வராமற்போன நாளிலிருந்து அழாதவள், அன்றும் அழவில்லை.

அவர்களுக்குக் கொட்டில் போட இடம் கொடுத்தவள் பத்மாசனி. யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக்குக் கீழே வயல் செய்ய வந்து குடியேறிய குடும்பம். நல்ல மனுசி. ஞானமலரின் நேர்த்தியைக் கேட்டதும் தன் பிள்ளையாருக்கும் ஒரு தேங்காய் நேர்ந்து வைத்தாள்.

தவக்காலம் வந்தது. ஊரில் இருந்தபோது யேசுவின் பாடுகளைப் பசாமாகப் பாடுகையில், மாதா மகனை மடியில் கிடத்திப் புலம்பும் இடத்தை ஞானமலர்தான் பாடுவாள். கதாநாயகிபோல இழுக்கிறாள் என்று பாட்டுப் பழக்கும் அண்ணாவியார் குறை சொல்வார். ஆனாலும் அவளை விட்டால் ஆளில்லை. இந்த முறை பங்குச் சுவாமியார் தேடி வந்து கேட்டும் அவள் மறுத்துவிட்டாள்.

"மாதாவுக்கு மடியில வைச்சு அழவெண்டாலும் பிள்ளையைக் குடுத்தாங்கள் சுவாமி" என்றாள். "நான் ஆரை வைச்சுப் பாடுறது?"

சுவாமியார் வந்த வழியே திரும்பிப் போனார்.

இப்படி இரண்டு வருசம் போனபின் மல்லாவியிலிருந்து கிறகோரியின் சகோதரி மகள் றஞ்சனி வந்தாள். கையில் ஒரு வீடியோக் கசற். தொண்ணூற்றைந்து ஆவணியில் கரையில் நடந்த அவளுடைய கலியாணம் அதில் இருந்தது. கசற் கைக்கு வந்தபோது றஜித் காணாமற் போயிருந்தான். அதற்குப் பிறகு இடம்பெயர்வும் கரண்ட் இல்லாத காடும்.

"மாமி, றஜித் இதில நல்லா விழுந்திருக்கிறான். பந்தியில சோறு போடுறான்" என்றாள் றஞ்சனி.

சந்தியில் கதிர்காமநாதன் என்பவர் ஒரு கொட்டிலில் மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓட்டிப் படம் காட்டிக்கொண்டிருந்தார். விசயத்தைக் கேட்டதும், ஞாயிறு பின்னேரம் வாங்கோ, சும்மாவே போட்டுக் காட்டுறன் என்றார். கிறகோரி சுவாமியாரிடமும் ஓடிப்போய்க் கேட்டு வந்தான்.

"அது கலியாண வீடியோவாம். நேத்திக்குள்ள வராதாம். சுவாமியே சொல்லிப்போட்டார்."

"சுவாமியே நேத்தி வைச்சவர்? நான் படம் எண்டுதான் சொன்னனான்."

"அக்கா, பெத்த பிள்ளையின்ர முகத்தை ஒருக்காப் பாக்கிறதுக்குச் சாமி கோவிக்குமே?" என்று பத்மாசனியும் கேட்டாள்.

ஞானமலர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "செத்த ஆக்களைத்தானே, தங்கச்சி, படத்தில பாக்கிறது" என்றாள். "உயிரோட இருக்கிறவனை நான் ஏன் படத்தில பாக்கவேணும்?"

அதற்குமேல் ஒருவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஞாயிறு பின்னேரம் கிறகோரி புறப்பட்டபோது அவளும் சீலையை உதறிக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். கொட்டில் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே போகாமல், வெளியே பாலை மரத்தின் கீழ் கொட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். பார்ப்பதில்லை என்றுதான் நேர்ந்தாள், கேட்பதற்குத் தடையில்லை. அவன் சிரிப்பு நான்கு வீட்டுக்குக் கேட்குமே. சாக்கு மறைப்பைத் தாண்டி வராதா?

ஜெனரேற்றர் இரைந்தது. வீடியோ ஓடியது. கேட்டதெல்லாம் சினிமாப் பாட்டு. தாலி கட்டவும் பாட்டு, பந்தி வைக்கவும் பாட்டு. வீடியோக்காரன் வடிவுக்கென்று கலியாண வீட்டுச் சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாட்டுகளைப் போட்டு நிரப்பியிருந்தான். எல்லாம் அவளுக்குத் தெரிந்த பாட்டுகள். வாழ்நாள் முழுக்க அவள் உயிராய் நேசித்த பாட்டுகள், அவளுடைய பிள்ளையின் குரலுக்கு மேல் ஏறி நின்றன. "உந்தா றஜித்" என்று உள்ளே றஞ்சனி சொன்னது மட்டும் கேட்டது. ஞானமலர் இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டாள். திரும்பவில்லை.

முடிந்ததும் கிறகோரி சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தான். இருவரும் வாய்க்கால் கரையால் நடந்தார்கள். பாதி தூரம் வந்ததும் அவள் கேட்டாள்.

"படத்தைச் சொல்லுங்கோவன்."

கிறகோரி திகைத்தான். அவன் வாழ்க்கையில் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்தவனில்லை, ஒரு கதையையும் சொன்னவனில்லை.

"எனக்கெங்க சொல்லத் தெரியும்?"

"தெரிஞ்சமாதிரிச் சொல்லுங்கோ."

அவன் தொண்டையைச் செருமினான். "பந்தி நடக்குது. இவன் சோத்து வாளியோட வாறான். நீலக் கட்டச் சேட்டுப் போட்டிருக்கிறான். தலை வடிவா இழுத்திருக்கு. கமராவைக் கண்டவுடன ஒரு சிரிப்புச் சிரிக்கிறான்..."

ஞானமலர் நின்றுவிட்டாள். கலியாணத்துக்கு அவன் போட்டது வெள்ளைச் சேட்டு. சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் அவளே மினுக்கிக் கொடுத்தது. நீலக் கட்டம் அதற்குப் பிறகு நத்தாருக்கு வாங்கியது. அது கடலுக்குப் போன சேட்டு.

கண்ணீர் மறைத்து இந்த மனுசன் உள்ளே ஒன்றையுமே காணவில்லை என்று அவளுக்கு விளங்கியது. கரையில் நின்று கடைசியாகப் பார்த்ததைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தக் கடைசிப் பார்வைக்குமேல் அவனிடமும் பிள்ளை இல்லை.

இரண்டு வருசமாக வராத அழுகை அப்போது வந்தது. அடக்க முடியாமல், வாய்விட்டு, தன் பிள்ளைக்காக முதன்முதலாக அழுதாள். கிறகோரி பயந்துபோய் நிறுத்திவிட்டான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பிறகு?" என்றாள். "பிறகு என்ன செய்தவன்?"