பதினாலாவது பிரிவும் என் மிளகாய் டின்னும்

கருவடிக்குப்பத்தில் அன்வருதீன் பாயின் மாவு மில்லுக்குப் போனால் வெறும் மாவோடு வீடு திரும்ப முடியாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையும் தலையில் கட்டித்தான் அனுப்புவார். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்வதால் மூன்றாவது தெருவரைக்கும் சட்டம் தெரியும்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு கேஸ். மெஷின் சத்தம் தாங்கவில்லை என்று பின்வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனார். பாயின் வக்கீல் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினார். வெளியே வந்ததும் பாய் அவரிடமே, "சார், நாம ஜெயிச்சமா, தோத்தமா?" என்று கேட்டாராம். ஜெயித்துத்தான் இருந்தார்கள். ஆனாலும், சொந்தக் கேஸில் அப்படிக் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்ற ஆத்திரம் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. தாயில்லாத ஒரே மகள் மரீஹாவைச் சட்டம் படிக்கவைத்தார். அவள் ராத்திரி தீர்ப்பைப் படித்துச் சொல்வாள். இவர் காலையில் அதை எங்களுக்கு அரைத்துக் கொடுப்பார்.

நன்றாகவும் அரைப்பார், பொய் சொல்லக்கூடாது. அரசியல் சட்டத்தின் பதினாலாவது பிரிவு, எல்லாரும் சமம் என்கிறதே, அதை இப்படிச் சொன்னார்:

"சமம்னா எல்லாத்தையும் ஒன்னாக் கொட்டி அரைக்கிறதில்ல பாக்கியம். மிளகா அரைச்ச மெஷின்ல அரிசியப் போட்டா இடியாப்பம் எரியும். அதனால மிளகா கடைசி. அதுக்குக் காரணம் இருக்கு, செல்லும். எம்.எல்.ஏ. வீட்டு டின்னு முதல்ல போனா, என்ன காரணம்? ஒன்னும் இல்ல. அது செல்லாது!"

பாக்கியம் என்றால் பாக்கியலட்சுமி, நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். நியாயம் பேசினால் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை வரிசையில் நாலாவது டின் என்னுடையது. பாய் பரபரப்பாக இருந்தார். மறுநாள் மரீஹாவின் சம்பந்தம் பேசி முடிப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை நுஃமான், தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன். தங்கமான இடம், கைநழுவிப் போய்விடக் கூடாது என்று பாய்க்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

அப்போது ஆட்டோவில் ஓர் அம்மா வந்து இறங்கினார். அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையைத் தாண்டி நேராக உள்ளே போனார். பாய் டின்னை இரண்டு கையாலும் வாங்கி, மெஷினில் கொட்டப் போனார்.

எனக்கு உச்சி மண்டை சூடேறிவிட்டது.

"பாய்! பதினாலாவது பிரிவு!"

அவர் கை அப்படியே நின்றது. கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். எனக்குப் புரியவில்லை.

"என்ன காரணம்னு சொல்லிட்டுக் கொட்டுங்க!" என்றேன்.

"இவங்க... மாப்பிள்ளையோட அம்மா" என்றார், செத்த குரலில்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்தப் பாழாய்ப்போன வாயால் ஒரு பெண்ணின் கல்யாணமே கெட்டுவிடுமோ என்று பயந்தேன். பாய் அந்த அம்மாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு டின்னைக் கொண்டுபோய் என் டின்னுக்குப் பின்னால் அஞ்சாவதாக வைத்தார்.

"மன்னிச்சிக்கோங்கம்மா."

நபீசா என்ற அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். பாய் பயத்தை மறைக்க அன்றைய தீர்ப்பைக் கத்த ஆரம்பித்தார். ஓர் அம்மாவின் பாஸ்போர்ட்டை அரசாங்கம் காரணம் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்ட பழைய வழக்கு.

"ஒருத்தர் வாழ்க்கையில கைய வைக்கிறதுக்கு முன்னாடி அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கணும். முடிவு பண்ணிட்டு அப்புறமாக் கேக்கறது பேருக்குக் கேக்கறது!"

மூன்று டின் முடிந்தது. நான் எழுந்தேன்.

"உங்க டின்னுல என்ன?" என்றார் நபீசா.

"அது... சாமான்தான்."

அவரே மூடியைத் திறந்தார். இரண்டு தும்மல் தும்மினார்.

"மிளகா கடைசின்னு தெருவே சொல்லுது. எங்க நுஃமான்கூடச் சொன்னான். நம்மளுது அரிசி. காரணம் இருக்கு, செல்லும்!"

கொல்லென்று எல்லாரும் சிரித்தார்கள். மூடி வைத்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பாய்க்கு உயிர் வந்தது. அரிசியை அரைத்து, தானே டின்னில் அள்ளிப்போட்டார்.

நபீசா டின்னை வாங்கிக்கொள்ளவில்லை.

"அண்ணே, நாளைக்குப் பேசி முடிக்கிறோம். மரீஹாவ ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பாய் முழித்தார். "நிக்காஹ் அன்னிக்குக் கேப்பாங்கல்ல?"

"முடிவு பண்ணிட்டுக் கேக்கறது பேருக்குக் கேக்கறதுன்னு இப்பதான சொன்னீங்க?"

பாய் மெஷினை நிறுத்தினார். மில் ஓடும் நேரத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நகை, மண்டபம், பிரியாணி எல்லாவற்றுக்கும் யோசனை கேட்டவர், பெண்ணைக் கேட்கவில்லை. தினமும் அவருக்குத் தீர்ப்புப் படித்துச் சொல்கிற பெண்ணை!

"மரீஹா!" என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். மெஷின் ஓடவில்லை என்பதையே மறந்து வழக்கம்போல் கத்தினார்.

கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள் போல. உடனே வந்தாள்.

"இந்தச் சம்பந்தத்துல... உனக்கு விருப்பமாம்மா?"

"ரெண்டு மாசமாக் காத்திருக்கேன் அத்தா, இப்பதான் என் கேஸ் விசாரணைக்கு வந்திருக்கு" என்றாள். "எனக்குச் சம்மதம்தான். ஆனா கேக்காம முடிச்சிருந்தீங்கன்னா, செல்லாதுன்னு சொல்லியிருப்பேன்."

பாய் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மிளகா நெடி" என்றார் எங்களிடம்.

என் மிளகாய் இன்னும் மெஷினில் விழவே இல்லை. அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை.