எந்திரக் குடல் தோடு

என் மருமகளைத் தெருவில் எல்லோரும் துருக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் மறுத்ததில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கிரீஸ் வாடை மூக்கைவிட்டுப் போக அரை நாள் ஆகும்.

பன்னிரண்டு வருடம் நூல் ஆலையில் எந்திரங்களுக்கு எண்ணெய் போட்டவள். ஆலையை மூடியதும் மற்றவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். இவள் மட்டும் உடைத்துப் போட்ட எந்திரங்களின் குடலை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பல்சக்கரம், வாஷர், பேரிங் குண்டு, பித்தளைத் துண்டு. அதில் தோடும் மாலையும் செய்வாளாம். மூட்டையைப் பிரித்தால் கறுப்புக் களிம்பில் பஞ்சும் தலைமுடியும் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு செத்த கரப்பான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனையையும் சோடா போட்டு வேகவைத்தாள். எதில்? என் பால் பாத்திரத்தில்!

"இதுல காய்ச்சின பாலை நான் குடிக்கணுமா?"

"வேற பாத்திரம் வாங்கித் தர்றேன் அத்தை."

"என் குமட்டலை யாரு வாங்கிக்கறது?"

ஆனால் ஒன்று. விற்கிற பொருளில் ஏமாற்று கிடையாது. புதுத் தோடு எதுவானாலும் ஏழு நாள் தன் காதில் போட்டுப் பார்ப்பாள். புண்ணாகாவிட்டால்தான் கொடுப்பாள். அதை நம்பித்தான் கடைவீதியில் ஒரு கடைக்காரம்மா இவள் நகையை வாங்கி வைத்தாள். இவளுக்கு வாய்த்தது அந்த ஒரே கடை.

ஒருநாள் அந்த அம்மாவே வாசலில் வந்து நின்றாள். இரண்டு காதும் வீங்கி, துளையில் மஞ்சளாகச் சீழ்.

"உன் தோட்டைப் போட்ட என் கதியைப் பாரு. வாங்கினவங்க என்னைச் சும்மா விடுவாங்களா? பத்து நாள் தர்றேன். காது புண்ணாகாத தோடு கொண்டா. இல்லேன்னா எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடு."

மருமகள் முழித்தாள். "நான் போட்டுப் பாத்தேனே அத்தை, எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பன்னிரண்டு வருஷம் எண்ணெயில ஊறினவடி நீ. உன் காது செருப்புத் தோலு. அதுல என்ன தெரியும்?"

அவள் மெதுவாக என் காதைப் பார்த்தாள். தங்கம் தவிர எது பட்டாலும் என் காது அழத் தொடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அத்தை..."

"செத்தாலும் மாட்டேன்."

அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, மிச்சத் தோடுகளின் காதுக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தாள். கிரீஸ் வாடையையாவது பொறுக்கலாம், அதைப் பொறுக்க முடியவில்லை. போய்க் காதை நீட்டினேன்.

"போட்டுத் தொலை."

முதல் கம்பிக்கு இரண்டாம் நாளே காது கசிந்து தலையணையில் ஒட்டிக்கொண்டது. சீ, சொல்லவே கூசுகிறது. மறு காதுக்கு, ஏதோ அமிலத் தொட்டியிலிருந்து எடுத்த கம்பியாம். பெயர் என் வாயில் நுழையாது. அமிலமே அதை அரிக்காதாம். அமிலத் தொட்டி! அதில் பேரிங் குண்டு ஒன்றைக் கோத்து மாட்டினாள். தினமும் காலையில் என் காதை மோந்து வேறு பார்த்தாள்.

பத்தாம் நாள் கடைக்காரம்மா வந்தாள். அந்தக் காதை இழுத்தாள், அழுத்தினாள். பொட்டுக் கசிவு இல்லை.

"இந்தக் கம்பியிலயே எல்லாத்தையும் செஞ்சு கொடு" என்றாள்.

அவள் போனதும் மருமகள் தோட்டைக் கழற்ற வந்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

"புடிச்சிருக்கா அத்தை?"

"எந்திரக் குடலு யாருக்குடி புடிக்கும்? கையைக் கழுவிட்டு வந்து தொடு."

மூன்று தடவை சோப்புப் போட்டாள். வாடை போகவில்லை. தோடு இன்னும் என் காதில்தான் கிடக்கிறது.