மூன்றாவது கட்டத்தில் என் முகம்

மகளைத் திருச்சியில் கல்லூரி விடுதியில் சேர்த்த அன்று எங்கள் கையில் ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்தார்கள். அதில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் அப்பா போட்டோ, இரண்டாவதில் அம்மா போட்டோ, மூன்றாவதில் அந்த ஊரிலேயே இருக்கும் பொறுப்பாளர் ஒருவரின் போட்டோ. இந்த மூன்று முகங்களில் ஒன்று வாசலில் வந்து நின்று கையெழுத்துப் போட்டால்தான் முதல் வருடப் பெண் வெளியே போகலாம். கூட்டிப் போன முகமே திரும்பக் கொண்டுவந்து விடவும் வேண்டும். எனக்கு ரொம்ப நியாயமான விதியாகப் பட்டது. அன்றைக்கு இருந்த நிலையில் அந்தக் கதவுக்கு இன்னும் நாலு தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் கைதட்டியிருப்பேன்.

மூன்றாவது கட்டத்திலும் என் போட்டோவையே ஒட்டினேன்.

என் மனைவி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுவும் உங்க மூஞ்சிதான?" என்றாள். ஸ்டுடியோக்காரன் எட்டு காப்பி கொடுத்திருக்கிறான், வீணாக்கக் கூடாது என்றேன். உறவுமுறை என்ற இடத்தில் 'அப்பா' என்றே மறுபடியும் எழுதினேன். எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய வரிசை பெட்டி படுக்கையோடு நின்றுகொண்டிருந்தது. மேசையில் இருந்தவர் அட்டையைப் பார்க்காமலே முத்திரை குத்தினார்.

அந்தக் கட்டத்தில் ஒட்ட ஆள் இல்லாமல் இல்லை. என் சொந்தத் தங்கச்சி திருவெறும்பூரில் இருக்கிறாள். விடுதி வாசலில் பஸ் ஏறினால் இருபது நிமிஷம். ஆனால் அவளுக்கு ஒரு மகன். என் மகளைவிட மூன்று வயது பெரியவன். அத்தை மகன், முறைப் பையன். அவன் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அவனை நான் 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். காதுகுத்தில், கல்யாணத்தில், எங்கே பார்த்தாலும் "என்ன மாப்ள, எம்பொண்ணுக்கு என்ன போடுவ?" என்று கேட்டு, சொந்தக்காரக் கூட்டத்தையே சிரிக்க வைப்பேன். பதினெட்டு வருஷமாக ஓடிய காமெடி. மகளுக்குப் பதினெட்டு முடிந்து பெட்டி கட்டிய வாரத்தில்தான், இது நிஜமாகவே நடந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தோன்றியது. வாராவாரம் அத்தை வீட்டுக்குப் போவாள், அவன் எதிரில் உட்கார்ந்து தோசை தின்பான், நாலு பேர் பார்ப்பார்கள், நான் சொன்ன ஜோக்கை எனக்கே திருப்பிச் சொல்வார்கள். பொண்ணு இன்ஜினியரிங் முடிக்கணும் என்று நான் கிடந்த கிடை என்ன, வாய்த்துடுக்கில் நானே நிச்சயம் பண்ணி வைத்திருக்கிற லட்சணம் என்ன. அதனால் தங்கச்சிக்கு மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்பதைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. பரீட்சை, விண்ணப்பம் என்று பங்குனியிலிருந்தே விட்டுப்போயிருந்த போனை அதோடு அடியோடு நிறுத்திவிட்டேன்.

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் கம்பெனியில் மின்சாரப் பெட்டிக்குள் மாட்டும் வெள்ளை ஃபியூஸ் கட்டைகள் செய்கிறோம். சூளையிலிருந்து வெளியே வருவதைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பது என் வேலை. ஒன்றோடு ஒன்றைத் தட்டினால் 'டிங்' என்று கேட்க வேண்டும். 'டக்' என்றால் உள்ளே விரிசல், கண்ணுக்குத் தெரியாது. இந்த வேலையில் காதின் பழக்கம் கெட்டுப்போய்விட்டது. யார் என்ன பேசினாலும் தட்டிப் பார்க்கத்தான் தோன்றும். மகள் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் பண்ணி "நல்லா இருக்கேன்ப்பா" என்பாள். முதல் வாரம் டிங். அடுத்த வாரமும் டிங். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை டக்.

அதற்கப்புறம் எனக்குப் பிடித்ததைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டேன், மனைவிதான் சொன்னாள். போனில் திருச்சியில் மழை என்று காட்டினால் நான் விருத்தாசலத்தில் குடையோடு வேலைக்குப் போனேன். விடுதி மெஸ்ஸில் என்ன குழம்பு என்று கேட்க வார்டனுக்குப் போன் பண்ணினேன். முதல் தடவை அந்த அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். நாலாவது தடவை, "சார், இன்னைக்கி சாம்பார். நாளைக்கி புளிக்கொழம்பு. நாளன்னைக்கிக்கும் இப்பவே சொல்லிடட்டுங்களா?" என்று கேட்டார். சொல்லுங்கள் என்று குறித்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை மகளே உடைத்துச் சொன்னாள்.

"அப்பா, நான் வந்துடுறேன்ப்பா. இந்த வருஷம் போனா போவட்டும். அடுத்த வருஷம் நம்ம ஊரு ஆர்ட்ஸ் காலேஜ்லயே சேந்துக்குறேன்."

பாடம் கஷ்டமா என்று கேட்டேன். இல்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் விடுதி காலியாகிவிடுகிறதாம். ஒருத்திக்குச் சித்தி வருகிறாள், ஒருத்திக்கு மாமா வருகிறார், வெளிமாவட்டத்துப் பெண்களுக்குக்கூட யாரோ ஒரு குடும்ப நண்பர் வந்து கூட்டிப் போகிறார். அவள் மாடியில் அவள் மட்டும். "கோடி பாத்ரூம்ல கொழா சொட்டுற சத்தம் என் கட்டில் வரைக்கும் கேக்குதுப்பா. திங்கக்கிழம காலையில வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்." கடையில் ஒரு பேனா வாங்கணும் என்றாலும் கேட்டைத் தாண்ட முடியாது. வார்டனிடம் கேட்டதற்கு அவர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்கப்பாகூட இரட்டையாப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்றாராம். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலைப் பிடித்தேன். மனைவியையும் கூப்பிட்டேன். "ரெண்டு கட்டத்துல நீங்க இருக்கீங்க, ஒத்தக் கட்டத்துல இருக்குற நான் எதுக்கு?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக ஜோக்குகளை யோசித்துக்கொண்டே போனேன். மகளைக் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டலில் பரோட்டா வாங்கிக் கொடுத்து, எல்லா ஜோக்கையும் சொல்லித் தீர்த்தேன். அவள் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டைச் சுற்றி அடுக்கினாள். கடைசியில், "நீ வந்தா நான்தான்ப்பா உன்னப் பாத்துக்க வேண்டியிருக்குது" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அன்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். உள்ளூர் வீட்டிலிருந்து வந்து கூடப் படிக்கும் நாலு பெண்கள் கல்லணைக்குப் போகிறார்கள், தானும் போகலாமா என்று. அவள் குரலில் எனக்குத் தெரிந்த அந்த 'டிங்' லேசாகக் கேட்டது. அதைக் கேட்டு யார் மறுக்க முடியும். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அப்புறம்தான் விதியின் மறுபாதி என் தலையில் இறங்கியது. கூட்டிப் போன முகமே திரும்ப விட வேண்டும். சாயந்தரம் ஐந்து மணி வரை நான் ஊருக்கும் போக முடியாது, உள்ளேயும் உட்கார முடியாது. ஆண்களுக்கு அனுமதி கேட் வரைக்கும்தான்.

எதிரில் ஒரு டீக்கடை. நாலு டீ குடித்தேன். பெஞ்சை விட்டு எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்களோ என்று ஐந்தாவதும் குடித்தேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர் தாழ்வாரத்துத் தார்ப்பாயை இறக்கிக் கட்டிக் கடையை மூடிக்கொண்டார். நான் விடுதிச் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே சீனியர்கள் மாடி வராந்தாவில் காயப்போட்ட துணியை எடுக்க வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்கள் கம்பிக்கு உள்ளே, நான் வெளியே. ஆனால் மாட்டிக்கொண்டிருந்தது நான்தான் என்பது அந்தப் பெண்களுக்கே தெரிந்திருக்கும்.

வாட்ச்மேன் கொஞ்சம் நேரம் பார்த்துவிட்டுத் தன் கூண்டுக்குள் பாதி ஸ்டூலை ஒதுக்கிக் கொடுத்தார்.

"சார், உங்களுக்கு இந்த ஊர்ல சொந்தக்காரங்க யாருமே கெடையாதா?"

"கெடையாது" என்றேன்.

அப்போது திருவெறும்பூர் பஸ் எங்களுக்கு நேர் எதிரில் வந்து நின்றது. நிதானமாக ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று.

ஐந்து மணிக்கு முன்னாலேயே மகள் வந்துவிட்டாள். முகம் தெளிவாக இருந்தது. சட்டையெல்லாம் ஒட்டிப்போய் நின்ற என்னைப் பார்த்ததும் அந்தத் தெளிவு போய்விட்டது. அவள் துப்பட்டாவால் என் தலையைத் துவட்டினாள். "இனிமே நீ வராதப்பா. நான் உள்ளயே இருந்துக்குறேன். பொங்கலுக்கு வூட்டுக்கு வருவேன் இல்ல, அப்படியே நின்னுடுறேன்" என்றாள். அழாமல், முடிவு பண்ணிய குரலில். நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். கேட் மூடிக்கொண்டது.

ஊருக்கு ரயில் ஏறப் போனவன் திருவெறும்பூர் பஸ்ஸில் ஏறினேன்.

தங்கச்சி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். துண்டை எடுத்து வீசினாள். "அட்டையில உன் மூஞ்சிய ரெண்டு தடவ ஒட்டுனியாமே. அண்ணி சொன்னாங்க" என்றாள். என் மனைவி அவளோடு வாரம் ஒரு தடவை பேசிக்கொண்டிருந்த விஷயம் அன்றுதான் எனக்குத் தெரியும். நான் துடைத்துக்கொண்டே வாசலில் செருப்பு இருக்கிறதா, அறைக்குள் ஃபேன் ஓடுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"யாரத் தேடுற? உன் மருமவன் சித்திரையிலயே ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டான். போன் பண்ணியிருந்தீன்னா தெரிஞ்சிருக்கும்."

சித்திரையில். மகள் விண்ணப்பம் போடுவதற்கும் முன்னால். இல்லாத ஒருவனுக்குப் பயந்து நான் கேட்டைப் பூட்டியிருக்கிறேன். வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சிரிப்பு காட்டாத" என்றாள். "மாப்ள மாப்ளன்னு கூப்புட்டது நீ. நானோ அவனோ ஒரு நாளு பொண்ணு கேட்டு வந்தோமாண்ணா? உம்பொண்ணு இருபது நிமிஷத் தூரத்துல ஒத்தையில கெடக்குறா. எனக்குச் சொல்லலாம்னு உனக்குத் தோணல."

துண்டை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். கடைசியில் விஷயத்தை மட்டும் சொன்னேன். "அவ படிப்ப வுட்டுட்டு வந்துடுறேங்குறா. உன் போட்டோ ஒண்ணு வேணும்."

அவள் உள்ளே போனாள். வெகுநேரம் பீரோ சத்தம் கேட்டது. வந்து, "இதுல நான் நல்லால்ல. காலையில புதுசா எடுத்துக்கிட்டு நேரா அங்க போவலாம். நீ இங்கயே படு" என்றாள். எனக்குப் போட்ட தோசையில் நெய் விடவில்லை. கேட்கிற நிலைமையிலும் நான் இல்லை.

மறுநாள் வார்டன் அறையில் என் மூன்றாவது கட்டத்து முகத்தைப் பிய்க்கப் பார்த்தார்கள். சேர்த்த அன்று பயத்தில் நான் பசையை அப்படி அப்பியிருந்தேன். ஒரு காது மட்டும் வந்தது. அதன் மேலேயே தங்கச்சியின் போட்டோவை ஒட்டினார்கள். வார்டன் முத்திரை குத்திவிட்டு, "அப்ப உங்க இரட்டையரு இனிமே வர மாட்டாருங்களா?" என்று கேட்டார். தங்கச்சி சத்தம் போட்டுச் சிரித்தாள். வகுப்புக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த மகள் அத்தையைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "வேலைக்குப் போவலியாப்பா?" என்றாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் தங்கச்சிக்குப் போயின. எனக்கு விருத்தாசலம் கிடைத்தது. காலை ஆறு மணிக்கே குளித்துச் சட்டை போட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பேன். போக வேண்டிய இடம் இருக்காது. ஸ்டேஷனிலிருந்து திருச்சி வண்டி அறிவிப்பு காற்றடித்தால் எங்கள் தெரு வரை கேட்கும். மனைவி கறிவேப்பிலை உருவச் சொல்லி ஒரு கொத்தைக் கையில் கொடுப்பாள். மகளின் போன் வரும், இரண்டே நிமிஷம். அத்தை பிரியாணி செய்தாங்க, அத்தை தையல் கத்துக் கொடுக்குறாங்க. பொங்கலோடு நின்றுவிடுகிற பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கேட்டுவிட்டால் நினைவுபடுத்திய மாதிரி ஆகிவிடுமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு மெஸ்ஸில் என்ன குழம்பு என்று மட்டும் கேட்பேன். கார்த்திகை முழுக்க இப்படியே போயிற்று. மார்கழியும் பாதி போயிற்று.

அப்புறம் ஒரு நாள் வேலை நேரத்தில் கூப்பிட்டாள். சூளைச் சத்தத்தைத் தாண்டி வெளியே ஓடிவந்தேன்.

"அப்பா, பொங்கலுக்கு வர்றதுக்கு அத்தையே டிக்கெட்டு எடுத்துட்டாங்க. திரும்பி வர்றதுக்கு நீ போட்டுடு. திங்கக்கிழம லேப் இருக்குது, ஞாயித்துக்கிழம சாயந்தரத்துக்குள்ள வந்து சேரணும். ஜன்னல் சீட்டு கெடச்சா பாரு. வெச்சிடுறேன்."

திரும்பி வருவதற்கு. அந்த வார்த்தையை அவள் எந்த யோசனையும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் களிமண் மூட்டை மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக டிக்கெட் போட்டேன். மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு காட்டுது. இன்னொண்ணு யாருக்கு?"

பை கனமாக இருக்கும், தூக்க ஆள் வேண்டும் என்றேன்.

"அவ வரச் சொன்னாளா?"

சொல்லவில்லை. போனை அவளிடம் நீட்டினேன். என் பெயரை மட்டும் ரத்து செய்யும் பட்டனை அவள்தான் அழுத்தினாள். அது முடியும் வரை நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.