அத்தை உள்ளே, நாத்தனார் உள்ளே

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'வரிசையம்மா' என்று பெயர். பதினெட்டு வருஷமாக உலகத்தாரை வரிசையில் நிறுத்தும் கணினி நிரல்களை எழுதுகிறார். வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே குளியலறை. அங்கே மட்டும் அவர் வரிசை செல்லுபடியாகாது.

அவர் ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் நிரல் எழுதினார். இரண்டு கவுன்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு த்ரெட், அதாவது நிரலுக்குள்ளேயே தன்போக்கில் ஓடும் ஒரு தனி இழை. அது கடைசி எண்ணைப் பார்த்து, ஒன்றைக் கூட்டி, திரும்ப எழுதும். இரண்டும் ஒரே கணத்தில் பார்த்துத் தொலைத்தால் இரு நோயாளிகளுக்கு ஒரே எண். எது முந்தும் என்பது எழுதியவருக்கே தெரியாது. போன மாதம் பதினேழாம் எண்காரர்கள் இருவர் டாக்டரின் கதவில் முட்டிக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவை நடந்தா உங்க சீட்டுல வேற ஆள்தான் மேடம்" என்றார் மேனேஜர்.

பிழையைப் பிடிக்க, த்ரெட்டுகளுக்கு அத்தை, நாத்தனார் என்று பெயரிட்டு, யார் உள்ளே போனாலும் திரையில் அச்சிட இரண்டு வரிகள் சேர்த்தார். பிழை மாயமானது! நாங்கள் கைதட்டினோம். அவர் மட்டும் கைதட்டவில்லை.

"அச்சடிக்கிற தாமதத்துல ஒண்ணு பின்தங்குது சார், அவ்வளவுதான். பூட்டுப் போடணும். ஒண்ணு உள்ளே போனா மத்தது வாசல்ல நிக்கணும்."

"நல்லா ஓடுதே! கையை வைக்காதீங்க" என்றார் மேனேஜர்.

தலைமை டாக்டர் சோதித்துப் பார்க்க வந்த காலை, அவர் படியேறும்போதே வரிசையம்மா துணிந்து பூட்டைப் போட்டுச் சேமித்தார். அப்போதுதான் மூச்சே வந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "திரையில ஓடுற உங்க மாமியார் வீட்டுக் கதையைத் தூக்கிட்டேன். டாக்டர் முன்னாடி மானம் போயிடும்."

"எப்போ சார்?"

"ஃபைலைக் காலையில வந்ததுமே திறந்து வச்சிருந்தேன். சேவ் பண்ணது இப்பதான்."

வரிசையம்மா கோப்பைத் திறந்து பார்த்தார். மேனேஜரின் பழைய கோப்பு புதியதன் மேலே ஏறியதில் அத்தை போனாள், நாத்தனார் போனாள், பூட்டும் போனது. டாக்டரோ அதற்குள் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தத் தொடங்கிவிட்டார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு.

நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து.

"டாக்டர், அது வந்து..." என்று இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க. அம்மா, நீங்க சொல்லுங்க."

சொன்னார். டாக்டர் மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். "சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"நாலு நிமிஷம். ஆனா மேனேஜர் சார் கையைக் கட்டிட்டு உட்காரணும்."

கட்டிக்கொண்டார். பூட்டு திரும்ப ஏறியது. டாக்டர் ஐம்பது முறை அழுத்தினார். ஒரு எண்கூட இரண்டு முறை வரவில்லை. "இந்த அம்மாதான் இதைப் பார்த்துக்கணும்" என்று சொல்லி ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"கையை எடுக்கலாமா மேடம்?" என்றார் மேனேஜர்.

"முதல்ல டாக்டர் கீழே இறங்கட்டும் சார்."